இலையைத் திருப்பிப் பாருங்கள்: கொங்குப் பக்கம் செம்பேன் வந்தால் என்ன செய்வது

கத்தரிக் காட்டின் ஓரத்தில் நாலு செடி வெளுத்து நின்றால், விவசாயத்துக்குப் புதிதாக வந்தவர் முதலில் தண்ணீர் போதவில்லை என்று நினைப்பார். தண்ணீர் விட்டும் தெளியவில்லை என்றால் யூரியா போடுவார், அதற்கும் தெளியவில்லை என்றால் கடைக்குப் போய் "இலை வெளுக்குதுங்க, ஏதாச்சும் குடுங்க" என்பார். இந்த மூன்றையும் இதே வரிசையில் நான் செய்திருக்கிறேன். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அரை ஏக்கர் கத்தரி, பங்குனி வெயில். கடையில் கொடுத்தது சைபர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து. அடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, கொழுந்தெல்லாம் நூலாம்படை கட்டி, அதில் புழுதி ஒட்டி, காடே சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிக் காட்டி, "ஏங்கண்ணு, மருந்தடிக்கறதுக்கு முன்னால ஒருக்கா இதைத் திருப்பிப் பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அந்தப் பட்டத்துக் கத்தரி போனது போனதுதான்.

புதிதாகக் காடு வாங்கியோ குத்தகைக்குப் பிடித்தோ பயிர் வைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிலந்திப்பேன் வந்து நட்டமான காடுகளில் பாதிக்கு மேல், பேனைவிட நாம் அடிக்கிற தப்பு மருந்துதான் காரணம் என்பது என் அனுபவம்.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

செம்பேன், சிவப்புச் சிலந்தி, சிலந்திப்பேன் என்று ஊருக்கு ஒரு பேர். இது பூச்சியே இல்லை. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு. மாட்டில் ஒட்டும் உண்ணிக்குப் பங்காளி. காட்டில் வலை கட்டிப் புழு பூச்சியைப் பிடிக்கும் பெரிய எட்டுக்கால் பூச்சி வேறு, அது நமக்கு நல்லது செய்வது, அதைக் கொன்றுவிடாதீர்கள். செம்பேன் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இலைக்கு அடியில் உட்கார்ந்து, ஊசி மாதிரி வாயால் குத்திப் பச்சையை உறிஞ்சும். குத்திய இடம் வெள்ளைப் புள்ளியாகும், புள்ளிகள் சேர்ந்தால் இலையே வெளுக்கும்.

நம் கோடை வெயிலில் முட்டையிலிருந்து வளர்ந்த பேன் ஆக ஏழு முதல் பத்து நாள் போதும். ஒரு பெட்டை நூறு முட்டை வரை இடும். ஆண் சேராமலே இடும் முட்டையும் பொரியும், அதிலிருந்து வருவது எல்லாம் ஆண், அப்புறம் அந்த ஆணோடு சேர்ந்து பெட்டையும் பெருகும். ஆக, காட்டுக்குள் ஒரே ஒரு பெட்டை வந்து இறங்கினாலும் குடும்பம் உண்டாகிவிடும். போன வாரம் ஓரத்தில் நாலு செடி, இந்த வாரம் கால் ஏக்கர் என்று ஆவது இதனால்தான்.

எப்படி வருகிறது என்பதும் முக்கியம். இறக்கை கிடையாது. செடியில் கூட்டம் அதிகமாகிச் சாறு குறைந்தால் நுனிக் கொழுந்துக்கு ஏறி, நூல் விட்டுக் காற்றில் மிதந்து போகும். நம் ஊரில் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று எப்படி இருக்கும் என்று பல்லடம், உடுமலை, தாராபுரம்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மழை பெய்யும், நமக்குக் காய்ந்த காற்றுத்தான் வரும். அதனால் அந்த மாதங்களில் நான் முதலில் போய்ப் பார்ப்பது மேற்கு வரப்பை ஒட்டிய இரண்டு சால். மாசி முதல் சித்திரை வரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தொடங்கும், ஆனால் மண் ரோட்டை ஒட்டிய ஓரம் சீக்கிரம் தொடங்கும். புழுதி படிந்த இலையில் பேன் சுகமாக இருக்கும், அதைத் தின்னும் நல்ல பூச்சிகளுக்குப் புழுதி ஆகாது. அப்புறம் ஆட்கள் துணி, பறிக்கூடை, நாற்று, மரவள்ளிக் குச்சி, மல்லிகைப் பதியன் இவற்றோடும் வரும்.

லென்ஸ் ஒன்று வாங்குங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது. ஒரு டப்பா மருந்தைவிட விலை குறைவு. அதைச் சாவிக்கொத்தோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு நாள், கோடையில் இரண்டு நாள், காலை வேளையில் காட்டைக் குறுக்கே நடந்து ஏக்கருக்கு இருபது செடி பாருங்கள். ஒவ்வொன்றிலும் அடி, நடு, மேல் என்று மூன்று இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கத்தரி இலையில் நடு நரம்பை ஒட்டித்தான் கூட்டம் இருக்கும். லென்ஸில் பார்த்தால் முட்டை கண்ணாடி உருண்டை மாதிரி தெரியும், உரித்த வெள்ளைத் தோல் உமி மாதிரி சிதறிக் கிடக்கும், பேன் மஞ்சளாகவோ பச்சையாகவோ செங்கல் நிறமாகவோ இருக்கும், சிலவற்றின் முதுகில் இரண்டு பக்கமும் கறுப்புத் திட்டு இருக்கும். செம்பேன் என்ற பேரைக் கேட்டு எல்லாம் சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

லென்ஸ் இல்லாத நாளில் வெள்ளைத் தாள் போதும். தாளை இலைக்குக் கீழே பிடித்து இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியில் எது ஊர்கிறது என்று அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மெதுவாக ஊர்ந்தால் பயிரைத் தின்னும் பேன். வேகமாக ஓடினால், பேரிக்காய் வடிவில் பளபளப்பாக இருந்தால், அது பேனைத் தின்னும் இன்னொரு பேனாக இருக்கும். கடுகில் பாதி அளவில் கறுப்பு வண்டு தெரிந்தால் அதுவும் நம் ஆள், செம்பேனையே தின்று வாழும் பொறிவண்டு. இந்த இரண்டும் நிறையத் தெரிந்தால் அந்த வாரம் மருந்து வேண்டாம், தண்ணீரை மட்டும் சரியாக விட்டு நாலு நாள் கழித்து மறுபடி பாருங்கள். எனக்கு இரண்டு தடவை தானாகவே அடங்கியிருக்கிறது.

எல்லாப் பயிரிலும் ஒரே பேன் இல்லை

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். கத்தரி, வெண்டை, அவரை, ரோஜா, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி இவற்றில் வருவது மேலே சொன்ன நூல் கட்டும் செம்பேன். நாமக்கல், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு போட்டவர்களுக்குத் தெரியும், தை முதல் கோடை மழை வரை அடி இலையிலிருந்து மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டே மேலே வரும்.

மிளகாயில் வருவது வேறு. மஞ்சள் சிலந்தி, முரணைச் சிலந்தி என்று சொல்வார்கள். இது நூல் கட்டாது, இளங்கொழுந்தில்தான் இருக்கும், செம்பேனைவிடச் சின்னது, வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மிளகாய் இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல் நோக்கி மடங்கிப் படகு மாதிரி இருந்தால் இலைப்பேன் (த்ரிப்ஸ் என்பார்கள்). கீழ் நோக்கி மடங்கிக் கவிழ்த்த படகு மாதிரி இருந்து, இலைக் காம்பு எலி வால் மாதிரி நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி. இலைப்பேன் பூச்சி, இது சிலந்தி, இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டும் ஒரே செடியில் இருக்கும் காலமும் உண்டு, அப்போது லென்ஸ்தான் தீர்ப்புச் சொல்லும்.

சத்தியமங்கலம் பக்கம் மல்லிகை வைத்திருப்பவர்கள் இலையிலும் மொட்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டிய மாதிரி முடி முளைத்திருப்பதைப் பார்த்துப் பூசணம் என்று பூசணக்கொல்லி அடிப்பார்கள். அது பூசணம் இல்லை, ஒருவகைச் சிலந்திப்பேன் உறிஞ்சுவதால் செடியே வளர்க்கும் முடி. அந்தக் கிளையைக் கவாத்து செய்து எரித்துவிடுவதுதான் முதல் வேலை.

தென்னைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரியோபைட் சிலந்தி என்கிறார்கள். 1965-இல் மெக்சிகோவின் குரேரோ பகுதித் தேங்காயிலிருந்து எடுத்து இதை வகைப்படுத்தினார்கள். நம் நாட்டில் 1998-இல் கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் முதலில் கண்டார்கள், கொஞ்ச காலத்திலேயே பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளுக்கு வந்துவிட்டது. புழு மாதிரி நீளமாக, நாலே காலோடு, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். குரும்பையின் தலையில் தொப்பி மாதிரி மூடியிருக்கும் இதழ்களுக்கு அடியில் புகுந்து அங்கேயே குடியிருக்கும். கீழே விழுந்த குரும்பை ஒன்றை எடுத்து அந்தத் தொப்பியைப் பிய்த்துப் பாருங்கள். தொப்பி இருந்த இடத்தில், அல்லது அதற்குக் கீழே, வெளிர் முக்கோணம் தெரியும், லென்ஸில் வெள்ளைப் பொடி ஊர்கிற மாதிரி இருக்கும். காய் வளர வளர அந்த முக்கோணம் பழுப்பாகி, நெடுக வெடித்து, பிசின் வடியும். காய் சிறுத்துப்போகும், மட்டை இறுகி உரிக்கவே ஆள் சிணுங்குவார்கள்.

தென்னையில் வருஷத்துக்கு ஒரு மரத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. போராக்ஸ் 50 கிராமும் மக்னீசியம் சல்பேட் அரைக் கிலோவும் சேர்க்கச் சொல்கிறது. பொட்டாஷைக் குறைக்காதீர்கள், பெரும்பாலும் அதில்தான் கையை இறுக்குகிறோம். மருந்து என்றால், அசாடிராக்டின் 1 சத வேம்பு மருந்து 10 மில்லியோடு 10 மில்லி தண்ணீர் கலந்து வேர் வழியாகக் கொடுப்பது. பென்சில் கனமுள்ள, உயிருள்ள புது வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்து உள்ள பாலித்தீன் பைக்குள் விட்டுக் கட்டிவிடுங்கள். மறுநாள் பை காலியாகவில்லை என்றால் வேறு வேர் பாருங்கள். கட்டுவதற்கு முன்னால் முற்றின காயை வெட்டி இறக்கிவிட வேண்டும், அப்புறம் 45 நாள் அந்த மரத்தில் இளநீரோ காயோ பறிக்காமல் விட்டால் நிம்மதி. மரம் ஏற ஆள் கிடைத்தால் காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் கரைசல் இருக்கிறது. லிட்டருக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, பூண்டு 20 கிராம் அரைத்த சாறு, சோப்பு 5 கிராம். இரண்டிலிருந்து ஆறு மாதக் குலைகளில் தொப்பி நனைகிற மாதிரி அடிக்க வேண்டும், மட்டையிலும் ஓலையிலும் அடித்துப் பிரயோசனம் இல்லை.

தீவனக் காட்டில் பேன் வந்தால்

நெட்டில் மேய்ச்சல் நிலத்தில் வரும் சிலந்திப்பேன் என்று தேடினால் வருவதெல்லாம் ஆஸ்திரேலியாச் செய்தி. அங்கே செங்கால் மண்சிலந்தி என்று ஒன்று, தென்னாப்பிரிக்காவிலிருந்து போய் 1917-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பன்பரியில் முதலில் தெரிந்தது. அது குளிரும் ஈரமும் வந்ததும் பொரிந்து, குளிர்காலம் முழுக்கத் தின்று, கோடையில் முட்டையாகப் படுத்துக்கிடக்கும். நம்முடையது நேர் எதிர், வெயிலில் பெருகி மழையில் அழியும். அந்த ஊர் அட்டவணையைப் பார்த்து இங்கே மருந்து அடிக்காதீர்கள்.

காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் கிளுவை வேலியுமாக இருக்கும் மேய்ச்சல் காட்டில், இதுவரை பேனால் பெரிய சேதம் நான் பார்த்ததில்லை. அங்கே கவனிக்க வேண்டியது மாட்டு உண்ணிதான், அதற்கு மாட்டு டாக்டரிடம் போங்கள். அந்தக் கிளுவை வேலியை மட்டும் எடுத்துவிட்டுக் கம்பி கட்டாதீர்கள், பேன் தின்னும் பூச்சிகள் ஒதுங்க அது இடம்.

தீவனச் சோளத்தில்தான் வரும். சோளத்தட்டு போட்டு மழை ஏமாற்றினால் அடி இலையில் நரம்போரம் செந்திட்டு விழுந்து, அடியில் நூல் கட்டி, இலை முழுக்கச் சிவந்து காய்ந்துபோகும். மாட்டுக்குப் போடும் தட்டில் மருந்தடிக்க நான் ஒப்ப மாட்டேன், தின்ற மாட்டின் பாலில் அது வரும். தண்ணீர் இருந்தால் ஒரு தண்ணீர் பாய்ச்சுங்கள். பூவெடுத்திருந்தால் உடனே அறுத்துக் காயப்போட்டுப் போர் போட்டுவிடுங்கள். ஆனால் பயிர் இளசாக, முழங்கால் உயரத்தில், வாடி நின்றால் பேனுக்குப் பயந்து அதை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், மாட்டை அவிழ்த்தும் விட்டுவிடாதீர்கள். வாடின இளஞ்சோளத்தில் சயனைடு விஷம் ஏறியிருக்கும், தின்ற மாடு சீக்கிரமே விழுந்துவிடும். பேனால் போவது தீவனம், இதனால் போவது மாடு.

மருந்துக்கு முன்னால் செய்வது

ஓரத்தில் பத்து இருபது செடியோடு இருக்கும்போதே பிடித்துவிட்டால் மருந்துச் செலவே இல்லை. மோசமான அடி இலைகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய் எரியுங்கள், வரப்பில் போடாதீர்கள். அப்புறம் விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை வேகமாக இலைக்கு அடியில் படும்படி, காலையில், இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை அடியுங்கள். நூல் அறுந்து, புழுதி கழன்று, பேன் கீழே விழும். விழுந்ததில் பாதி திரும்ப ஏறாது. வரப்பில் துத்தி, ஆமணக்கு இருந்தால் அதன் இலையையும் திருப்பிப் பாருங்கள், அங்கேதான் அடுத்த படை இருக்கும். யூரியாவை நிறுத்துங்கள், தழைச்சத்து ஏறின சாறு பேனுக்குத் தேன் மாதிரி. மண் ரோட்டு ஓரமாக இரண்டு சால் சோளமோ கம்போ அடர்த்தியாக விதைத்தால் புழுதி பாதி நிற்கும், ஆனால் அந்தச் சோளத்தையும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் வேம்பு. வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்பு சேர்த்துச் சாயங்காலம் அடியுங்கள். கடைச் சரக்குக்கு ஈடாகக் கேட்கும், கூட்டம் குறைவாக இருக்கும்போது மட்டும்.

கடைக்குப் போகும்போது

"பூச்சி மருந்து" என்று கேட்காதீர்கள், "சிலந்திக் கொல்லி" என்று கேளுங்கள். சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் வகை, இமிடாகுளோப்ரிட் இவை பேனைக் கட்டுப்படுத்தாது. நல்ல வண்டையும் நல்ல பேனையும் கொன்று, செம்பேனுக்கு ஊரைக் காலி செய்து கொடுத்துவிடும். என் கத்தரிக்கு நடந்தது அதுதான். டைகோபால் என்ற பழைய சிலந்திக் கொல்லியைப் பழைய ஆட்கள் சொல்வார்கள், அதை 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலேயே ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், நம் நாட்டிலும் தடை. யாராவது பழைய சரக்கு வைத்திருந்தாலும் வாங்காதீர்கள்.

முதலில் நனையும் கந்தகம் 80 சதம், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். விலை குறைவு. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், காலையில் அடியுங்கள். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் அடிக்காதீர்கள். பீர்க்கன், வெள்ளரி, தர்ப்பூசணிக் கொடிகளில் வேண்டாம்.

அதற்கு மேல் போனால் ஸ்பைரோமெசிபென், புரோபர்கைட், ஃபெனாசாகுவின், ஃபென்பைராக்ஸிமேட், ஹெக்ஸிதயசாக்ஸ் என்று இருக்கின்றன. லேபிளில் உங்கள் பயிரின் பேர் இருக்கிறதா, அளவு என்ன, அடித்து எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்ற மூன்றையும் கடையிலேயே நின்று படித்துவிட்டு வாங்குங்கள். ஒன்று முக்கியம்: ஃபெனாசாகுவினும் ஃபென்பைராக்ஸிமேட்டும் பேர்தான் வேறு, பேனைக் கொல்லும் வழி ஒன்றேதான். இதை அடித்துக் கேட்கவில்லை என்று அதை அடித்தால் மாற்றி அடித்ததாக ஆகாது. ஒரு பட்டத்தில் ஒரு வகையை ஒரு தடவைக்கு மேல் அடிக்காமல் மாற்றிக்கொண்டே போனால்தான் பேன் பழகாது. முட்டையைக் கொல்லாத மருந்தாக இருந்தால் ஏழு, எட்டு நாளில் பொரிந்தது தெரியும், அப்போது லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு வேறு வகையை அடியுங்கள். இரண்டு மூன்றைக் கலந்து ஒரே டேங்கில் ஊற்றுவது வேண்டவே வேண்டாம்.

அடிக்கிற விதத்தில்தான் பாதி மருந்து வீணாகிறது. நாஸிலை மேலே பார்க்கத் திருப்பிப் பிடித்து, அடியிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். நன்றாக வளர்ந்த கத்தரிக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் ஆகும். எட்டு டேங்கில் முடித்துவிட்டேன் என்று ஆள் சொன்னால், இலையைத் திருப்பிப் பாருங்கள், அடி காய்ந்தே இருக்கும். முகக் கவசமும் கையுறையும் போடுங்கள். உடுமலை, கோபிப் பக்கம் என்றால் இன்னொன்று: காற்றுக்குக் கீழ்ப் பக்கம் யாருடையதாவது மல்பெரிக் காடு இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மருந்தைத் தொடாதீர்கள். மருந்துச் சாரல் பட்ட இலையைத் தின்றால் ஒரு வளர்ப்பு மனைப் பட்டுப்புழு ஒரே நாளில் போய்விடும், அது அந்த வீட்டின் ஒரு மாத வருமானம்.

எது என்று புரியவில்லை என்றால் பத்து இலையைக் காகிதக் கவரில் போட்டு (பிளாஸ்டிக் கவரில் வேர்த்து அழுகிவிடும்) கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கோ, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, தென்னை என்றால் ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ அன்றைக்கே கொண்டுபோங்கள்.

அறுவடை முடிந்த செடியை அப்படியே காயவிடாதீர்கள். செடி காயக் காயப் பேன் எல்லாம் நுனிக்கு ஏறிக் காற்றுக்குக் காத்திருக்கும். பச்சையாக இருக்கும்போதே பிடுங்கி, புதுப் பயிர் வழியாக இழுக்காமல் வேறு பக்கமாகக் கொண்டுபோய்க் குழியில் மூடுங்கள். தினமும் காட்டைச் சுற்றும்போது நல்ல பயிரை முதலில் பாருங்கள், பேன் பிடித்த பாத்தியைக் கடைசியில் பாருங்கள். பறிக்கிற ஆட்களையும் அதே வரிசையில் விடுங்கள், கூடையைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு அடுத்த நாள் எடுங்கள்.